அடுப்பை விட்டார்கள், கடையைப் பிடித்தார்கள்

1990 செப்டம்பர் 1, சனிக்கிழமை. அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில், கரிக்கடைகளில் அன்று முதல் ஒரு சரக்கு கிடையாது. முந்தின நாள் வரை அந்த ஊர் எரித்துத் தள்ளிய பிட்டுமினஸ் நிலக்கரியை, தீ பட்டதும் கரும்புகை கக்குகிற அந்த மலிவுக் கரியை, இனி நகர எல்லைக்குள் விற்கக் கூடாது. சந்தைப்படுத்தக் கூடாது. வண்டியில் கொண்டுவந்து இறக்கவும் கூடாது.

அந்தச் சட்டம் சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டதுதான் சுவாரசியம். 'எரிக்காதே' என்று அது யாரிடமும் சொல்லவில்லை. கொல்லைப்புறத்தில் நாலு மூட்டை மிச்சம் இருக்கிறதா, எரித்துத் தீர்த்துக்கொள்ளுங்கள். எந்த அதிகாரியும் கதவைத் தட்டி, அடுப்பைக் கிளறிப் பார்க்கப் போவதில்லை. ஊர் முழுக்க இருக்கும் அடுப்புகளை யாரால் கண்காணிக்க முடியும்? கரியை இறக்குமதி செய்பவர்களும் மூட்டை போட்டு விற்பவர்களும் விரல்விட்டு எண்ணிவிடக்கூடியவர்கள். அங்கே பிடித்தார்கள். அடுத்து வந்த குளிர்காலத்திலேயே டப்ளின் காற்று மாறிவிட்டது.

கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. டப்ளினில் ஒரே நாளில் அமலான அந்தத் தடை நாடு முழுவதற்கும் போய்ச்சேர 32 ஆண்டுகள் பிடித்தன. நாடும் ஒன்றும் பெரியதல்ல. தமிழ்நாட்டில் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதலான பரப்பு, மக்கள்தொகையில் சென்னை மாநகரத்துக்கே ஈடாகாது. அந்த 32 ஆண்டுகள் எங்கே போயின என்பதுதான் இந்தக் கட்டுரை.

கூடத்தில் எரியும் கரி

நம் ஊரில் கரி என்றால் இஸ்திரிப் பெட்டிக்குள் போகும் மரக்கரி. நிலக்கரி என்றால் மேட்டூர், தூத்துக்குடி அனல்மின் நிலையங்கள். கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நிலக்கரி எரிவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் நமக்கு இல்லை. அயர்லாந்து, இங்கிலாந்து வீடுகளில் கூடத்துக்கு நடுநாயகமே சுவரில் குடைந்த கணப்புதான்.

விடிந்ததும் முதல் வேலை, முந்தின இரவின் சாம்பலை வாரிக் கொட்டுவது. கம்பித்தட்டின் மேல் பழைய செய்தித்தாளைக் கசக்கிப் போட்டு, சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, உச்சியில் முட்டை அளவு கரித்துண்டுகளை வைப்பார்கள். தீக்குச்சி கிழித்தால் தாள் பிடிக்கும், சுள்ளி பிடிக்கும், கரி மட்டும் லேசில் பிடிக்காது. அதற்காக இன்னொரு செய்தித்தாளை முழுசாக விரித்துக் கணப்பின் வாயை மறைத்துப் பிடிப்பார்கள். அடியிலிருந்து காற்று விசையோடு இழுக்கும், உர்ரென்று சத்தம் வரும். தாளின் நடுப்பகுதி பழுப்பேறும்போது வெடுக்கென்று எடுத்துவிட வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் கையிலேயே பற்றிக்கொள்ளும். இந்தச் சடங்கு நடக்கும் முதல் அரைமணி நேரம்தான் புகைபோக்கி மஞ்சள் கலந்த கரும்புகையாகக் கக்கும்.

பிட்டுமினஸ் கரியின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சூடு பட்டதும் ஆவியாகப் பிரிந்துவிடுகிற தார் வகையறா. மின்நிலைய உலையில் அவ்வளவும் எரிந்து வெப்பமாகிவிடும். கூடத்துக் கணப்பில் அத்தனை சூடு கிடையாது. எரியாத தார் நுண்துளிகளாகவும் கரித்துகளாகவும் மேலே ஏறிவிடும். ராத்திரி நிலைமை இன்னும் மோசம். படுக்கப் போகுமுன் ஈரமான கரித்தூளை அள்ளித் தணல்மேல் அப்பி மூடிவிடுவார்கள். விடியற்காலையில் கிளறினால் நெருப்பு தயார், தீக்குச்சி மிச்சம். மூச்சுமுட்டிப்போன அந்தத் தணல் மட்டும் இரவு முழுக்கப் புகைந்துகொண்டே இருக்கும். இத்தனை செய்தும், கரியின் சூட்டில் முக்கால் பங்கு புகைபோக்கி வழியே வானத்துக்குத்தான் போகிறது. மிச்சம்தான் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரின் முழங்காலுக்கு.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் மனிபாயிண்ட் என்று ஒரு மின்நிலையம். 2025 வரை நிலக்கரியில் ஓடியது. அதன் புகைபோக்கிகள் 218 மீட்டர் உயரம். வீட்டுப் புகைபோக்கியோ கூரைக்கு மேல் மூன்றடி, நாலடி. தெருவில் நடக்கிறவரின் மூக்குக்கும் அதற்கும் அதிக தூரமில்லை. காற்று அசையாத குளிர்கால இரவில், தரையோடு குளிர்ந்த காற்று படுத்துக்கொள்ளும், அதற்கு மேல் சற்று வெதுவெதுப்பான காற்று பானைக்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்ளும். புகை மேலே ஏற வழியில்லை. போகிப் பண்டிகையன்று விடியற்காலையில் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் தவிப்பதைக் கேள்விப்பட்டவர்களுக்கு இது புரியும். டப்ளினில் காற்று நின்றுபோன ஒவ்வொரு குளிர்கால இரவும் போகிதான்.

லண்டனிலிருந்து பால்லிஃபெர்மட் வரை

1952 டிசம்பர் 5ஆம் தேதி லண்டனில் இறங்கிய புகைமூட்டம் ஐந்து நாள் நகரவில்லை. சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் ஓப்பரா பாதியில் நின்றது. அரங்குக்குள்ளேயே புகை புகுந்து, மேடையில் என்ன நடக்கிறது என்று ஆட்களுக்குத் தெரியவில்லை. சுமார் 4,000 பேர் இறந்ததாக அரசு கணக்குச் சொன்னது. பிற்கால ஆய்வாளர்கள் 12,000 வரை போகும் என்கிறார்கள். அதற்குச் சில நாள் முன்பு, டிசம்பர் 1 முதல், மட்டரகக் கரித்தூளை ரேஷன் இல்லாமல் வேண்டிய மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசே சலுகை அறிவித்திருந்தது. நல்ல கரி ஏற்றுமதிக்கு, தூள் உள்ளூர் அடுப்புக்கு. போரில் வென்று கடனில் மூழ்கியிருந்த நாடு அது.

விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். தலைவர் சர் ஹியூ பீவர், டப்ளினில் பிறந்த கின்னஸ் மது நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர். 'கின்னஸ் சாதனைப் புத்தகம்' யோசனையும் இதே ஆளுடையதுதான். அயர்லாந்தில் பறவை வேட்டைக்குப் போன இடத்தில், ஐரோப்பாவிலேயே வேகமாகப் பறக்கும் வேட்டைப் பறவை எது என்று எழுந்த வாக்குவாதத்தில் பிறந்தது. அந்தப் புத்தகத்தை உலகமே அறியும். அவருடைய குழுவின் அறிக்கையிலிருந்து 1956இல் பிரிட்டனின் தூய காற்றுச் சட்டம் வந்ததை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

பிரிட்டன் தேர்ந்தெடுத்தது நேர்மையான வழி, மெதுவான வழி. பேட்டை பேட்டையாகப் புகைத்தடுப்பு மண்டலம் அறிவிப்பார்கள். வீடு வீடாகப் போய்ப் பழைய கணப்பைப் பெயர்த்துவிட்டுப் புகையில்லாக் கரிக்கோ எரிவாயுவுக்கோ ஏற்ற அடுப்பு வைப்பார்கள். செலவில் பத்தில் ஏழு பங்கு மானியம். சுரங்க ஊர்கள்தான் முரண்டுபிடித்தன. சுரங்கத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு வீட்டுக்கு இலவசக் கரி வரும். அதை எரிக்காதே என்றால் கூலியைப் பிடுங்குவது போலத்தானே? அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

லண்டன் தெளிந்துகொண்டிருந்த காலத்தில் டப்ளின் இருண்டது. 1973இலும் 1979இலும் எண்ணெய் விலை ஏறியபோது அயர்லாந்து அரசு மக்களிடம் எண்ணெயை விட்டுக் கரிக்குத் திரும்புங்கள் என்றது. சும்மா சொல்லவில்லை, மானியம் கொடுத்துச் சொன்னது. ஊர் முழுக்கக் கணப்புகள் உயிர்பெற்றன. நகர விளிம்பில் புதிது புதிதாக எழுந்த தொழிலாளர் குடியிருப்புகளில் புகைபோக்கிகள் வரிசை கட்டின. 1982 ஜனவரியில் கடுங்குளிரோடு புகையும் சேர்ந்து படிந்தபோது, செயின்ட் ஜேம்ஸ் மருத்துவமனையில் வழக்கத்தைவிட அதிகம் பேர் இறந்ததை நுரையீரல் மருத்துவர் லூக் கிளான்சி கவனித்து, சக மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து கட்டுரையாக எழுதினார். புகையைப் பற்றி அதுவரை பேசியவர்கள் வெளுத்த துணி கறுப்பதையும் மூக்கைச் சிந்தினால் கரி வருவதையும் சொன்னார்கள். இவர் பிணக்கணக்கைச் சொன்னார்.

1987இல் காற்று மாசுச் சட்டம் வந்தது. முதலில் பிரிட்டன் பாணியில்தான் இறங்கினார்கள். பால்லிஃபெர்மட் என்ற தொழிலாளர் பேட்டையைத் தனிக் கட்டுப்பாட்டுப் பகுதியாக்கி, வீடு வீடாக அடுப்பை மாற்றும் திட்டம். பணமும் காலமும் கரைந்துகொண்டே போயின. இந்த வேகத்தில் போனால் டப்ளின் முழுவதையும் முடிக்க எத்தனை ஆண்டு ஆகும் என்று கணக்குப் போட்டவர்களுக்குத் தலை சுற்றியிருக்கும்.

சுற்றுச்சூழல் துறையின் இணையமைச்சராக இருந்த மேரி ஹார்னி அப்போது போட்ட குறுக்குவழிதான் 1990ஆம் ஆண்டுத் தடை. வீட்டை மாற்ற வேண்டாம், மூட்டையை மாற்றினால் போதும். கரி வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? ஏழைகள் குளிரில் விறைத்துச் சாவார்கள் என்றார்கள். சரக்குத் தட்டுப்பாடு வரும் என்றார்கள். ஏழைகள் மீது கரி வியாபாரிகளுக்குத் திடீரென்று பிறந்த பாசம் ஒருபுறம் இருக்கட்டும், கேள்வியில் உண்மை இருந்தது. புகையில்லாக் கரி மூட்டைக்கு விலை கூடுதல். அதனால் அரசு ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுத்துவந்த எரிபொருள் உதவித்தொகையைத் தடைப் பகுதியில் உயர்த்திக் கொடுத்தது. தடை நின்றதற்குக் காரணம் ஹார்னியின் துணிச்சல் என்று எழுதுகிறார்கள். பாதிக் காரணம் இந்த உதவித்தொகை என்றுதான் எனக்குப் படுகிறது.

புகையில்லாக் கரி என்பது மாயமில்லை. ஆந்த்ரசைட் என்ற கடினக் கரியில் ஆவியாகும் தார் மிகக் குறைவு. பற்றவைக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும், பிடித்துவிட்டால் நின்று எரியும். இல்லாவிட்டால் சாதாரணக் கரியைக் காற்றுப்படாமல் சுட்டு, தாரை முன்கூட்டியே வெளியேற்றி, அழுத்திக் கட்டிகளாக்குவார்கள். இந்த வித்தை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. நெய்வேலியில் 1960களில் பழுப்பு நிலக்கரியைக் கட்டியாக்கிச் சுட்டு, 'லெக்கோ' என்ற பெயரில் வீட்டு அடுப்புக்கு விற்றார்கள். அந்தக் காலத்துக் குமுட்டி அடுப்பைப் பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

திருஷ்டிப் பொட்டு

டப்ளினில் புகையை அளந்த முறை ரொம்ப எளிமையானது. ஒரு வெள்ளை வடிதாள். அதன் வழியே ஒரு நாள் முழுக்க வெளிக்காற்றை உறிஞ்ச ஒரு சின்ன பம்பு. மறுநாள் தாளை எடுத்தால் நடுவில் வட்டமாக ஒரு கறை. அதன்மேல் ஒளியைப் பாய்ச்சி எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்து, கறுப்பின் அளவைக் கணக்கிடுவார்கள். இதற்கு 'கரும்புகை அளவு' என்றே பெயர். தடைக்கு முந்தைய குளிர்கால நாள்களில் அந்தக் கறை குழந்தை கன்னத்தில் வைக்கிற திருஷ்டிப் பொட்டு மாதிரி இருந்திருக்கும். தடைக்குப் பின் சாம்பல் நிறத்தில் ஒரு தேய்ப்பு.

எண்ணில் சொன்னால், தடைக்கு முந்தைய ஆறு ஆண்டுகளோடு பிந்தைய ஆறு ஆண்டுகளை ஒப்பிட்டபோது, கரும்புகையின் சராசரி கனமீட்டருக்கு 35.6 மைக்ரோகிராம் குறைந்திருந்தது. அதாவது 70 சதவீதம். புதிய இயந்திரம் எதுவும் வரவில்லை. வாகனங்கள் குறையவும் இல்லை. கடையில் ஒரு சரக்கு இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

கிளான்சியும் சக ஆய்வாளர்களும் 2002இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரை உலகப் புகழ்பெற்றது. சுவாச நோய்ச் சாவுகள் 15.5 சதவீதமும் இதயநோய்ச் சாவுகள் 10.3 சதவீதமும் குறைந்தன. டப்ளினில் ஆண்டுக்கு முன்னதில் 116, பின்னதில் 243 பேர் பிழைத்தார்கள் என்றது அது. இரண்டையும் கூட்டி 359 என்று வைத்துக்கொண்டு, இன்றைக்கும் மேடைகளில் அந்த எண்ணைச் சொல்கிறார்கள்.

அதன் பிறகு நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எனக்கு அதுதான் இந்தக் கதையிலேயே பிடித்த இடம். ஹார்வர்டின் டக்ளஸ் டாக்கரி, கிளான்சி உள்ளிட்ட அதே ஆட்கள், தங்கள் கணக்கைத் தாங்களே மறுபடி எடுத்துப் போட்டார்கள். இந்த முறை தடை வந்த மற்ற ஊர்களையும் சேர்த்தார்கள். தடையே வராத மாவட்டங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். பார்த்தால், இதயநோய்ச் சாவுகள் தடை இல்லாத இடங்களிலும் அதே போலக் குறைந்திருந்தன. மருத்துவம் முன்னேறியது, நாடே கொஞ்சம் ஆரோக்கியமானது, காரணம் ஆயிரம் இருக்கலாம். அந்த 243ஐத் தடையின் கணக்கில் எழுத முடியாது என்று 2013 அறிக்கையில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். சுவாச நோய்ச் சாவுகள் குறைந்தது மட்டும் அசையாமல் நின்றது: டப்ளினில் 17 சதவீதம், 1995இல் தடை வந்த கார்க் நகரில் 9 சதவீதம்.

பேர் வாங்கிக்கொடுத்த கட்டுரையைத் தாங்களே திருத்துவதற்கு ஒரு மனசு வேண்டும். தடையை எதிர்க்கிறவர்கள் இதைப் பிடித்துக்கொண்டு 'பார்த்தீர்களா, எல்லாம் பொய்' என்பார்கள். இளைப்பு நோயாளி ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

எல்லைக்கோட்டு வியாபாரம்

டப்ளினுக்குப் பிறகு கார்க். 1998இல் லிமரிக், வெக்ஸ்ஃபோர்ட் உள்ளிட்ட ஐந்து ஊர்கள். 2000இல் கால்வே, வாட்டர்ஃபோர்ட் முதலான சில. 2003இல் கில்கென்னி, ஸ்லைகோ வகையறா. பிறகு எட்டு ஆண்டு இடைவெளி. 2011, 2013 என்று இன்னும் கொஞ்சம். 2012இல்தான் தடைப் பகுதிக்குள் எரிப்பதும் குற்றம் என்று எழுதிச் சேர்த்தார்கள். 2020 செப்டம்பரில் 10,000 பேருக்கு மேல் வசிக்கும் ஊர்கள் எல்லாவற்றுக்கும் தடை என்றார்கள். 9,999 பேர் வசிக்கும் ஊரில் நுரையீரலை இரும்பில் செய்திருப்பார்கள் போலிருக்கிறது.

கோடு போட்ட இடத்தில் வியாபாரம் முளைக்கும். தடைப் பகுதிக்கு வெளியே விற்பது சட்டப்படி சரி. வெளியூர்க் கடையில் நாலு மூட்டை வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டு உள்ளே வருகிறவரை யார் நிறுத்துவது? 1990 சட்டத்தின் பலமே கடையைப் பிடித்ததுதான். ஊர் எல்லையைத் தாண்டிய உடனே இன்னொரு கடை திறந்திருந்தால் அந்தப் பலம் போய்விடுகிறது. மறுபடி வீட்டையும் வண்டியையும் துழாவ வேண்டிய நிலை. அதைச் செய்ய வேண்டிய உள்ளாட்சி மன்றங்களில் அதற்கென்று ஆட்களும் போதாது.

இதற்கு மேல் இன்னொரு எல்லை. தீவின் வடகிழக்கு மூலையில் வட அயர்லாந்து, அது பிரிட்டனின் பகுதி. அங்கே வீட்டு எரிபொருளுக்கு மதிப்புக்கூட்டு வரி 5 சதவீதம், தெற்கில் 13.5. தெற்கில் 2013 முதல் நிலக்கரிக்குக் கார்பன் வரியும் சேர்ந்துகொண்டது. மூட்டைக்கு மூட்டை விலையில் வித்தியாசம், இடையில் சோதனைச் சாவடி எதுவும் கிடையாது. வடக்கே வாங்கிய கரி தெற்கே எரிந்தது. வரி கட்டி, தரம் பார்த்து விற்ற தெற்கத்திக் கடைக்காரர்கள் வயிறு எரிந்தார்கள்.

நாடு முழுவதற்கும் ஒரே தடை போட்டால் இந்த எல்லைகளில் பாதி ஒழியும். அமைச்சர்கள் அதை அறியாதவர்கள் இல்லை. 2015இல் ஒருவர் அறிவித்தார், அடுத்து வந்தவர் அதையே மறுபடி அறிவித்தார். ஆனால் கரி நிறுவனங்கள் கையில் ஒரு கேள்வி இருந்தது. காற்று கெடுகிறது என்பதற்காக எங்கள் கரிக்கு நாடு முழுக்கத் தடை என்றால், அதே புகையை விடுகிற டர்ஃப் என்ற எரிமண்ணுக்கும் ஈர விறகுக்கும் ஏன் தடை இல்லை? நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்வோம். 2019இல் அரசின் சட்ட ஆலோசகர்களும் அந்தக் கேள்வியில் வலு இருக்கிறது என்று சொல்ல, தேசியத் தடை கிடப்பில் போனது.

டர்ஃப் என்ற நெருப்பு

டர்ஃப் என்பது அயர்லாந்தின் சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாசியும் புல்லும் மட்கிச் சேர்ந்த எரிமண். கோடையில் செங்கல் வடிவத்தில் வெட்டி, வெயிலில் பரப்பி, புரட்டிப் போட்டு, கூம்பாக அடுக்கிக் காயவைப்பார்கள். குடும்பமே இறங்கி வேலை செய்யும். குனிந்து குனிந்து இடுப்பு ஒடிந்ததும், நடுவில் குடித்த தேநீரும் ஒவ்வொரு கிராமத்தானின் பால்யத்திலும் உண்டு. அதன் புகைக்கு ஒரு தனி மணம், வெளிநாடு போன ஐரிஷ்காரரை அழவைக்கிற மணம். சதுப்பின் குறிப்பிட்ட துண்டில் டர்ஃப் வெட்டிக்கொள்ளும் உரிமை பரம்பரை பரம்பரையாக வருகிற சொத்து. கரி விலைக்கு வாங்குவது, இது அப்பன் பாட்டன் கொடுத்தது.

அந்த மணத்திலும் நுண்துகள் இருக்கிறது என்பதுதான் சிக்கல். கால்வே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டப்ளின் காற்றிலேயே குளிர்கால இரவுகளில் மாசு எகிறும் நேரங்களை எடுத்து அலசினார்கள். மிகச் சில வீடுகளே எரிக்கும் டர்ஃபும் விறகும்தான் பெரும்பங்கு என்று 2018இல் தெரியவந்தது. கரும்புகைக் கரியைத் துரத்தியாயிற்று, காலியான இடத்தில் பாட்டன் சொத்து வந்து உட்கார்ந்துகொண்டது.

2022 வசந்தத்தில் சுற்றுச்சூழல் அமைச்சர் ஈமன் ரையன் டர்ஃப் விற்பனைக்கும் கட்டுப்பாடு என்று சொன்னதும் கூட்டணியே ஆட்டம் கண்டது. கிராமப்புற உறுப்பினர்கள், ஆளுங்கட்சிக்காரர்களே, எழுந்து நின்றார்கள். அந்த நேரம் உக்ரைன் போரால் எரிவாயு விலை விண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது. பாட்டியின் கணப்பை அணைக்க வந்த பசுமைக் கட்சி என்று பேச்சு. மாதக்கணக்கில் இழுத்து, கடைசியில் ஒரு சமரசம் செய்தார்கள். கடையில், இணையத்தில், பொது இடங்களில் டர்ஃப் விற்கக் கூடாது. வெட்டும் உரிமை உள்ளவர் வெட்டலாம், எரிக்கலாம், அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம், விற்கலாம்.

2022 அக்டோபர் 31 முதல் புதிய விதிகள் நாடு முழுக்க அமலுக்கு வந்தன. இந்த முறை பொருளின் பெயரைச் சொல்லித் தடுக்கவில்லை, அளவைச் சொல்லித் தடுத்தார்கள். மணிக்கு 10 கிராமுக்கு மேல் புகை விடுகிற கரி விற்பனைக்கு உதவாது. கந்தகம் 2 சதவீதத்துக்குள், பிறகு 1 சதவீதத்துக்குள். சிறு அளவில் விற்கும் விறகில் ஈரப்பதம் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2025 முதல் 20. கரி நிறுவனங்கள் கேட்ட கேள்விக்கு 1990இலேயே எழுதியிருக்கக்கூடிய பதில் இது. கரி, விறகு, மண் என்று பிரிக்காமல், எது புகைகிறதோ அதைப் பிடிப்பது. டர்ஃபை மட்டும் பாதிதான் பிடித்தார்கள்.

பிற ஊர்க் கதைகள்

போலந்தின் கிராகோவ் நகரம் அயர்லாந்துக்கு நேர்மாறான பாதையில் போனது. 2019 செப்டம்பர் 1 முதல் நகருக்குள் கரி, விறகு எதையும் எரிக்கவே கூடாது. அதற்கு முன் பல ஆண்டுகளாக மானியம் கொடுத்துப் பல்லாயிரம் பாய்லர்களை மாற்றினார்கள். 2012இல் கூடிய ஊர்மக்கள் இயக்கம் தெருவில் இறங்கித் தள்ளியதால் நடந்த காரியம் அது. முதலில் போட்ட தடையை நீதிமன்றம் ரத்து செய்ய, சட்டத்தையே திருத்தி மறுபடி போட்டார்கள். இன்று நகரத்துக்குள் காற்று எவ்வளவோ தேவலாம். சுற்றியுள்ள ஊராட்சிகளிலோ கரி எரிந்துகொண்டிருந்தது. கிராகோவ் தெருமுனைகளில் விற்கும் வளைய ரொட்டிக்கு 'ஒப்வர்ஸானெக்' என்று பெயர். நகரைச் சுற்றியிருக்கும் ஊராட்சிகளையும் அங்கே அதே பெயரால்தான் அழைக்கிறார்கள். ரொட்டி வளையத்தில் எழுந்த புகை நடுவிலுள்ள ஓட்டைக்குள் இறங்கியது.

மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் நடந்தது வேறு. நகர விளிம்பெங்கும் கூடார வீடுகள், மைனஸ் முப்பது டிகிரிக் குளிர், கச்சா நிலக்கரி எரிக்கும் இரும்பு அடுப்பு. 2019 மே 15 முதல் கச்சாக் கரிக்குத் தடை, அதற்குப் பதில் மானிய விலையில் அழுத்திய கரிக்கட்டிகள். அந்தக் குளிர்காலத்தில் நுண்துகள் கண்ணுக்குத் தெரிந்து குறைந்தது. ஆனால் குளிர் தொடங்கும்போதே கார்பன் மோனாக்சைடு நச்சேறி நூற்றுக்கணக்கானவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள், சிலர் செத்தே போனார்கள். கட்டிகள் பழைய கரிபோல எரியவில்லை. அடுப்பும் புகைபோக்கியும் பழையவை, எரிக்கத் தெரிந்த கைகளும் பழைய கரிக்கே பழகியவை. புகை இருந்தால் கண் எரியும், ஆள் எழுந்து கதவைத் திறப்பான். மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை.

மூட்டையை மாற்றினால் போதும் என்ற டப்ளின் சூத்திரம் அங்கே தடுக்கி விழுந்தது. டப்ளினில் புகையில்லாக் கரி பல காலமாகக் கடைகளில் இருந்த சரக்கு, வேறு வேறு நிறுவனங்கள் விற்றவை. உலான்பாத்தரில் புதிதாக ஆலை கட்டி, ஒரே இலையுதிர் காலத்தில் ஊர் முழுக்கத் திணித்தார்கள்.

பிரிட்டனும் கடைசியில் கடைப் பக்கம்தான் வந்து சேர்ந்தது. மூட்டையில் விற்கும் பழைய வீட்டுக் கரிக்கு 2021 மே முதல் இங்கிலாந்தில் தடை, கரி வியாபாரிகள் உதிரியாகக் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு 2023 மே முதல் தடை. லண்டன் மூச்சுத்திணறி எழுபது ஆண்டு கழித்து.

எனிஸ்கார்த்தி, மாலை ஆறு மணி

அயர்லாந்தின் தென்கிழக்கில் ஸ்லேனி ஆற்றின் கரையில், மேட்டுச் சரிவில் வீடுகள் அடுக்கியது போல ஓர் ஊர், எனிஸ்கார்த்தி. பார்க்க அழகு. பள்ளத்தாக்கு என்பதால் காற்று நின்றுபோனால் புகைக்குப் போக்கிடம் கிடையாது. 2020 வரை தடைப் பட்டியலில் இந்த ஊர் இல்லை. குளிர்கால இரவுகளில் நாட்டிலேயே மோசமான காற்று என்று இதன் பெயர் திரும்பத் திரும்பச் செய்தியில் அடிபட்டிருக்கிறது.

நுண்துகளால் ஆண்டுக்கு 1,300 பேருக்கு மேல் அகால மரணம் அடைகிறார்கள் என்கிறது அயர்லாந்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. அந்த நுண்துகளில் பெரும்பங்கு வீட்டு அடுப்புகளிலிருந்து வருகிறது. இந்த முகமை நாடெங்கும் கருவிகள் வைத்து, மணிக்கு மணி காற்றின் அளவை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. வடிதாளும் திருஷ்டிப் பொட்டும் போய், இப்போது திரையில் ஒரு கோடு.

குளிர்காலத்தில், காற்று அசையாத ஒரு நாளில் எந்தச் சின்ன ஊரின் கோட்டைப் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே கதைதான். பகல் முழுக்கத் தரையோடு கிடக்கும். நாலு மணிக்கே இருட்டிவிடும். ஆறு மணிக்கு ஆட்கள் வேலையிலிருந்து திரும்புகிறார்கள், கோடு தலைதூக்குகிறது. சாப்பாடு முடிந்து எல்லோரும் கணப்புக்கு முன்னால் உட்காரும் எட்டு, ஒன்பது மணிக்கு மலைபோல ஏறுகிறது. நள்ளிரவுக்கு மேல் மெல்ல இறங்குகிறது. கடை எப்போதோ சாத்தியாகிவிட்டது. எரிவது புகையில்லாக் கரியா, வடக்கிலிருந்து வந்த மூட்டையா, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த டர்ஃபா என்று அந்தக் கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.